இன்று என்ன கறி? திருகோணமலை வீட்டுச் சமையலை எழுதிப் பகிரத் தொடங்குவோருக்கு

வீட்டில் நாள்தோறும் சமைக்கிற ஒருவர் தன் சமையலை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தால் சீக்கிரமே பேனா நின்றுவிடும். கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராது. "உப்புப் புளி பார்த்துப் போடவும்", "பதம் வந்ததும் இறக்கவும்" என்று எழுதி முடித்துவிடுவோம். அதை வைத்துக்கொண்டு கனடாவில் இருக்கும் மருமகளோ, கொழும்பில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மகனோ ஒரு சொதிகூட வைக்க முடியாது.

குறிப்புக் கொப்பி, குரல் பதிவு, உறவினர்களின் வாட்ஸ்அப் குழு, அயலவர்கள் கூடிச் சமைக்கும் ஒரு பின்னேரம் என்று எந்த வழியில் பகிர்ந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். ஒரு கறியை எழுதும்போது அது சமைக்கப்பட்ட நாளையும் சேர்த்து எழுத வேண்டும். அன்று கடல் எப்படி இருந்தது, சந்தையில் என்ன கிடைத்தது, யார் சாப்பிட உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் இன்னொரு வீட்டில் அந்தக் கறி மறுபடி உருவாகும். இதை நான் உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கான வழிகள்தான்.

முதலில் எந்தக் கறி?

தொடங்கும்போதே பலர் விசேடச் சமையலை எடுக்கிறார்கள். வட்டிலப்பம், கலியாண வீட்டு ஆட்டிறைச்சிக் கறி, சித்திரைப் புத்தாண்டுப் பலகாரம். தயவுசெய்து வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை செய்வதில் எதை எழுதாமல் விட்டோம் என்று கண்டுபிடிக்க அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். சொதி, பருப்பு, தேங்காய்ச் சம்பல், பிட்டு, மீன் குழம்பு, முருங்கையிலை வறை ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். இந்த வாரமே அது மறுபடி அடுப்பில் ஏறும் என்பதால், இன்று தவறவிட்டதை அடுத்த முறை பிடித்துக்கொள்ளலாம்.

ஊரைவிட்டுப் போனவர்கள் ஏங்குவதும் பெரும்பாலும் இந்தச் சாதாரணச் சாப்பாட்டுக்குத்தான். வட்டிலப்பத்தைக் கடையிலும் வாங்கலாம். அம்மா வெள்ளிக்கிழமை வைத்த சொதியை எந்தக் கடையில் வாங்குவது?

ஒரு கறியை முழுதாக எழுதி முடிக்கும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள்.

பக்கத்தின் மேலே அன்றைய நாளை எழுதுங்கள்

திகதி, காற்று, சந்தையில் கிடைத்தது, சாப்பிட்டவர்கள், சமைக்கத் தொடங்கிய நேரம். இந்த ஐந்தையும் ஓரிரு வரியில் எழுதிவிட்டுத்தான் கறிக்கு வர வேண்டும். அலங்காரத்துக்காக இதைச் சொல்லவில்லை. திருகோணமலையில் சட்டிக்குள் என்ன விழும் என்பதைக் கடல்தான் தீர்மானிக்கிறது. கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து கடல் கொந்தளிக்கும். படகுகள் குறைவாகப் போகும். மீன் விலை ஏறும். அந்தக் காலத்தில் வீடுகளில் கருவாடும் முட்டையும் பருப்பும் மரவள்ளிக் கிழங்கும் குளத்து மீனும் அதிகம். பங்குனிக்குப் பிறகு கடல் அடங்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கரைகளில் கரைவலை இழுப்பார்கள். கீரி, நெத்தலி, கும்பளா, பாரை, சூரை என்று சந்தை நிறையும்.

"மீன் குழம்பு" என்று மட்டும் எழுதியிருக்கும் குறிப்பில் இந்த வித்தியாசம் எதுவும் இல்லை. சூரைக்குப் புளி சற்றுத் தூக்கலாக வேண்டும். விளைமீனுக்கு அவ்வளவு புளி விட்டால் மீனின் இனிப்புப் போய்விடும். கருவாட்டுக் குழம்பில் உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்த பிறகே போட வேண்டும். எந்த மீன், எவ்வளவு பெரியது, முள்ளோடா முள் நீக்கியதா, தலை போட்டீர்களா என்பதை எழுதுங்கள். மீனின் பெயர் ஊருக்கு ஊர் மாறுவதால் அதன் தோற்றத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அரிசியும் இப்படித்தான். பெரும்போக அறுவடை முடிந்து தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்திலிருந்து புது அரிசி வந்ததும் சோற்றுக்கு வைக்கும் தண்ணீரைக் குறைக்க வேண்டியிருக்கும். பழைய அரிசிக்கு எழுதிய அளவில் புது அரிசியை வைத்தால் குழைந்துவிடும். குறிப்பின் மேலே "பங்குனி, புது அரிசி" என்று இரண்டு சொல் இருந்தால் வாசிப்பவர் தப்பித்துக்கொள்வார்.

யார் சாப்பிட்டார்கள் என்பதும் அளவின் ஒரு பகுதி. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பச்சை மிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டிருப்பீர்கள். பிள்ளை பெற்ற பெண் இருந்தால் அன்று மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள் அரைத்த சரக்குக் கறி. வெள்ளிக்கிழமை என்றால் மரக்கறி, சில வீடுகளில் உள்ளி கூட இல்லை. காரணத்தை எழுதாவிட்டால் வாசிப்பவர் அதையே அந்த வீட்டின் வழக்கமான உறைப்பு என்று எண்ணிவிடுவார்.

நேரத்தைக் குறிக்கச் சொல்வதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். சூரை, கும்பளா, அறுக்குளா போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடிவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். ஆகவே மீனைச் சந்தையில் எத்தனை மணிக்கு வாங்கினீர்கள், ஐஸில் வைத்தீர்களா, எத்தனை மணிக்குச் சட்டியில் போட்டீர்கள் என்று எழுதுவது வாசிப்பவருக்குப் பெரிய உதவி.

அளவை எப்படிப் பிடிப்பது

இங்கேதான் பெரும்பாலான குறிப்புகள் தோற்கின்றன. அதனால் இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள்.

சமைப்பவரிடம் "எவ்வளவு?" என்று கேட்டால் "ஒரு கை", "கொஞ்சம்", "கண் அளவு" என்றுதான் பதில் வரும். அது உண்மையான பதில். அவருடைய கை சரியாகவே அளக்கிறது. அதைக் கிராமாக மாற்றுவது உங்கள் வேலை. ஒரு சிறிய மின் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். சமைப்பவர் பழக்கப்படி கையில் எடுக்கட்டும். அது சட்டிக்குள் விழுவதற்கு முன் ஒரு கிண்ணத்தை நீட்டி வாங்கி, நிறுத்து, எழுதி, பிறகு சட்டியில் போடுங்கள். உங்களுக்காக வேறு மாதிரி எடுக்கச் சொல்லாதீர்கள். சொன்னால் கை தயங்கும், அளவு மாறும்.

கிண்ணம் நீட்ட முடியாத வேகத்தில் சமைக்கிறவர்களும் உண்டு. அப்போது உப்புப் போத்தல், தூள் போத்தல், எண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் சமையலுக்கு முன்பே நிறுத்து எழுதிவையுங்கள். சமைத்து முடிந்ததும் மறுபடி நிறுங்கள். உப்புப் போத்தல் முன்பு 412 கிராம், பின்பு 401 கிராம் என்றால் அன்றைய கறிக்கு 11 கிராம் உப்பு. அடுப்படியில் யாரையும் தொந்தரவு செய்யாத முறை இது. அம்மம்மாமார்களிடம் நன்றாக வேலை செய்யும்.

அடுத்தது சுண்டு. நம் வீடுகளில் அரிசியும் மாவும் சுண்டாலும் கொத்தாலும்தான் அளக்கப்படுகின்றன. ஆனால் ஒரு வீட்டுச் சுண்டு பழைய பால் பேணி, இன்னொரு வீட்டில் கடையில் வாங்கிய தகரச் சுண்டு. உங்கள் வீட்டுச் சுண்டில் அரிசியைத் தலைவழித்து நிறுத்துப் பாருங்கள். பிறகு அரிசி மாவை நிறுங்கள். இரண்டும் ஒரே எடை வராது. இரண்டையும் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவிட்டால் பிறகு எல்லாக் குறிப்பிலும் சுண்டு என்றே எழுதலாம்.

தேங்காயை ஒருபோதும் "அரைத் தேங்காய்" என்று விடாதீர்கள். காய்க்குக் காய் வித்தியாசம் பெரிது. திருவிய பூவை நிறுத்து எழுதுங்கள். பாலுக்கு, எத்தனை கிராம் பூவுக்கு எவ்வளவு தண்ணீர் விட்டு முதற்பால் எடுத்தீர்கள், இரண்டாம் பாலுக்கு எவ்வளவு விட்டீர்கள் என்பது வேண்டும். வெளிநாட்டில் பேணிப் பாலோ தேங்காய்ப்பால் மாவோ பாவிப்பவர் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தன் பாலின் தடிப்பை முடிவு செய்வார்.

கறித்தூளுக்கு ஒரே வழி, மில்லுக்குக் கொடுக்கும் நாளில் தராசோடு நிற்பது. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஒவ்வொன்றும் எத்தனை கிராம், எவை வறுக்கப்பட்டன, எந்த நிறம் வரை வறுக்கப்பட்டன என்று எழுதுங்கள். "தூள் இரண்டு தேக்கரண்டி" என்ற வரி உங்கள் தூள் இல்லாத வீட்டில் பயன்படாது. சென்னையில் இருப்பவர் அதைச் சாம்பார்ப் பொடி என்று நினைத்துப் போட்டுவிட்டால் குழம்பு முற்றிலும் வேறாகிவிடும்.

சில விடயங்களைத் தராசு காட்டாது. பிட்டுக்குக் குழைக்கும் தண்ணீர் அதில் முதன்மையானது. மா எவ்வளவு வறுபட்டது, எத்தனை நாள் பழையது, மழை நாளா வெயில் நாளா என்பதைப் பொறுத்து அது மாறும். இங்கே அடையாளத்தை எழுத வேண்டும். குழைத்த மாவைக் கையில் பிடித்து அமுக்கினால் பிடி நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். சுண்டின் விளிம்பால் கொத்தும்போது மா சுண்டில் அப்பிக்கொண்டால் தண்ணீர் கூடிவிட்டது. அளவும் அடையாளமும் இரண்டுமே இருக்கட்டும். அளவு தொடங்கிவைக்கும், அடையாளம் முடித்துவைக்கும்.

பக்கத்தில் நின்று கேட்பது

சமையலின்போது "அடுத்து என்ன?" என்று கேட்காதீர்கள். அதைப் பார்த்தாலே தெரியும். "இப்போது ஏன்?" என்று கேளுங்கள். "வெங்காயம் வதங்க முன்னமே ஏன் உப்புப் போட்டீர்கள், மாமி?" "தேசிப்புளியை ஏன் இறக்கிய பிறகு விடுகிறீர்கள்?" இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்தான் குறிப்பின் உயிர். மூக்குக்கும் காதுக்கும் வருவதையும் எழுதுங்கள். கடுகு வெடித்து ஓயும் சத்தம், தூளின் பச்சை வாசம் போகும் நேரம், குழம்பின் ஓரத்தில் எண்ணெய் பிரியத் தொடங்குவது. "சுவையான", "மணமான" என்ற சொற்களைத் தயங்காமல் வெட்டுங்கள். அவை வாசிப்பவரின் கைக்கு எதுவும் சொல்வதில்லை.

ஒரு மாதிரி

சொதியை ஒருவர் வாயால் சொன்னால் இப்படித்தான் வரும்: "வெங்காயம், மிளகாய் வெட்டிப் போட்டு, இரண்டாம் பாலில் அவியவிட்டு, முதற்பால் விட்டு இறக்கிப் புளி விடு." எதுவும் பிழையில்லை. இதையே நாளோடும் அளவோடும் எழுதினால் இப்படி வரும்:

"ஐப்பசி, வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து தூறல். இடியப்பத்துக்கு நாலு பேருக்கு, சின்னவனும் சாப்பிடுவதால் உறைப்புக் குறைவு. திருவிய தேங்காய்ப்பூ 150 கிராம். 150 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிழிந்து முதற்பாலைத் தனியே வைத்தோம். அதே பூவில் 400 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு இரண்டாம் பால். இரண்டாம் பாலைச் சட்டியில் ஊற்றி, நீளமாக வெட்டிய சின்ன வெங்காயம் 60 கிராம், கீறாத முழுப் பச்சை மிளகாய் 3, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, விரல் நீளம் ரம்பை போட்டு நடுத்தர நெருப்பில் வைத்தோம். வெங்காயம் கண்ணாடி போல் ஆக ஏறத்தாழ 8 நிமிடம். நெருப்பைக் குறைத்து முதற்பாலை விட்டு, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தோம். விளிம்பில் நுரை கட்டியதும், கொதி வர விடாமல் இறக்கினோம். கொதித்தால் பால் திரிந்துவிடும். ஆவி சற்று அடங்கிய பிறகு அரைத் தேசிக்காய் பிழிந்தோம். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தாலும் திரியும்."

எங்கே திரியும், ஏன் திரியும் என்ற இரண்டு வரிகள்தான் இதில் அதிகம் பெறுமதியானவை. வெள்ளி அல்லாத நாளில் பாரைத் தலையோ விளைமீன் துண்டோ போடுவதாக இருந்தால், இரண்டாம் பால் கொதித்த பிறகு போட்டு மீன் வெந்ததும் முதற்பால் என்று கீழே ஒரு வரி சேர்க்கலாம்.

இப்படித் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தோன்றாத எச்சரிக்கைகள் பல உண்டு. மரவள்ளிக் கிழங்கை மூடாமல் அவிக்க வேண்டும் என்று நம் ஊரில் யாரும் எழுதிவைப்பதில்லை, எல்லாருக்கும் தெரியும் என்பதால். அதில் இயல்பாக உள்ள நச்சுப் பொருளிலிருந்து வரும் வாயு ஆவியோடு வெளியேற வேண்டும் என்பதே காரணம். கிழங்கை முதன்முதலாக வாங்கும் ஒருவருக்கு இது தெரியாது. எழுதுங்கள்.

படம்

பரிமாறிய கோப்பையின் படம் அழகாக இருக்கும், ஆனால் சமைக்கக் கற்றுத்தராது. இடைநிலைகளைப் பிடியுங்கள். குழைத்த பிட்டு மா, வறுபட்ட தூளின் நிறம், நுரை கட்டும் சொதி. யன்னல் பக்க வெளிச்சம் போதும். மீன் பெயர் சொல்லும் இடத்தில் வெட்டுவதற்கு முன் முழு மீனை ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

இன்னொருவரைச் சமைக்க விடுங்கள்

எழுதி முடித்த குறிப்பை, அந்தக் கறியை வைத்துப் பழக்கமில்லாத ஒருவரிடம் கொடுங்கள். புதிதாக இடமாற்றம் பெற்று வந்த ஆசிரியை, கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் படிக்க வந்து உங்கள் அயலில் அறை எடுத்திருக்கும் பிள்ளை, வேறு மாவட்டத்திலிருந்து வந்த மருமகன், யாராகவும் இருக்கலாம். அவர் சமைக்கும்போது நீங்கள் அடுப்படியில் இருங்கள், ஆனால் வாய் திறக்காதீர்கள். அவர் எங்கே நிற்கிறார், எந்த வரியை இரண்டாம் முறை வாசிக்கிறார், எந்தப் போத்தலைத் தேடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில்தான் உங்கள் குறிப்பில் ஓட்டை இருக்கிறது. நெருப்புக் கூடிவிட்டால் மட்டும் குறுக்கிடலாம்.

இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. சமைத்த கறியை இருவரும் சேர்ந்து சாப்பிடுவீர்கள். அவர் ஊரில் அதை எப்படி வைப்பார்கள் என்று அவர் சொல்வார். கொப்பியின் அடுத்த கறி பெரும்பாலும் அந்தப் பேச்சிலிருந்தே வரும்.

வாழ்க்கையை எழுதும்போது

கறியோடு நாளையும் எழுதத் தொடங்கினால் வீடும் உள்ளே வரும். அது நல்லது. யார் தேங்காய் திருவினார்கள், மின்சாரம் நின்ற இரவில் எதை வைத்துச் சமாளித்தீர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை முதலில் எந்தச் சட்டியைத் திறந்து பார்த்தது. இவற்றைச் சுருக்கமாக, நடந்தபடி எழுதுங்கள். ஓர் உண்மையான விவரம் போதும்.

வயதானவர்களிடம் கேட்கும்போது பேச்சு கறியில் தொடங்கி வேறெங்கோ போகும். கிண்ணியாவிலிருந்து தயிர்ச்சட்டி எப்படி வந்தது என்று கேட்டால், 2009இல் பாலம் திறக்கும்வரை 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித் துறை கடந்த கதை வரும். அதை எழுதிக்கொள்ளுங்கள். முகாமில் மூன்று கல் வைத்துச் சமைத்த நாட்கள், 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன வீடு, அந்த வீட்டு அம்மி என்று வேறு கதைகளும் வரும். அப்போது பேனாவைக் கீழே வையுங்கள். கேட்டுக்கொண்டிருங்கள். வேறொரு நாளில், அவர் அமைதியாக இருக்கும் நேரத்தில், "இதை எழுதலாமா, மற்றவர்களுக்குச் சொல்லலாமா?" என்று தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் கறியை மட்டும் எழுதுங்கள். அவர் சொன்னது அவருடையது.

கறி யாரிடமிருந்து வந்ததோ அவரைக் குறிப்பிடுங்கள். நோன்புக் கஞ்சியை மூதூர்ச் சிநேகிதியிடம் கற்றிருந்தால் அதைச் சொல்லுங்கள். எந்தப் பெயரில் குறிப்பிடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். சிலர் முழுப்பெயரை விரும்புவார்கள், சிலருக்கு "மூதூர் ராத்தா" (மூதூர் அக்கா) என்றாலே போதும். ஒரே கறியை இரண்டு வீடுகள் இரண்டு விதமாக வைத்தால் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டையும் அளவோடு அடுத்தடுத்த பக்கங்களில் எழுதுங்கள்.

வெளியாட்களோடு பகிரும்போது பிள்ளைகளின் முகம், வீட்டு இலக்கம், பள்ளிச் சீருடை படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொப்பியை வைத்துக்கொள்வது

வலப்பக்கம் மட்டும் எழுதி இடப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அடுத்த முறை அதே கறியை வைக்கும்போது மாறியவற்றைத் திகதியோடு அங்கே எழுதலாம்: "மார்கழி, மீன் இல்லை, கருவாடு, உப்பு பாதி." பென்சில் அழிந்துவிடும், ஊற்றுப்பேனா மை ஈரத்தில் பரவும், குமிழ்முனைப் பேனா நல்லது. அடுப்பருகே கொப்பியை வைக்காமல், அன்றைய குறிப்பைத் துண்டுத்தாளில் எடுத்து இரவில் பார்த்தெழுதுங்கள். நேரம் கடந்தால் அடையாளங்கள் மறந்துபோகும், ஆகவே அன்றிரவே எழுதிவிடுவது அவசியம்.

ஒரு கறி முடிந்ததும் அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்து, வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். வெள்ளமும் இடப்பெயர்வும் கண்ட ஊர் இது. ஒரே பிரதியை ஒரே வீட்டில் வைத்திருப்பது பாதுகாப்பல்ல. அனுப்பும்போது, சமைத்துப் பார்த்து என்ன சரிவரவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். அவர் ஊர்த் தண்ணீரிலும் அவர் அடுப்பிலும் என்ன மாறியது என்பதையும் இடப்பக்கத்தில் சேர்த்துவிட்டு, இரண்டாவது கறிக்குப் போகலாம்.